பகலின் நீளமும் ஒரு பிடி மாவும்

1769-இல் ஸ்காட்லாந்தைச் சுற்றிவந்த வேல்ஸ் நாட்டு இயற்கை ஆய்வாளர் தாமஸ் பென்னன்ட், மலைநாட்டு மாடு மேய்ப்பவர்கள் மே முதல் நாளில் நடத்திய பெல்டேன் விழாவைத் தம் பயண நூலில் விவரித்திருக்கிறார். தரையில் சதுரமாகப் பள்ளம் வெட்டுவார்கள். நடுவில் புல்தரையை அப்படியே விட்டு, அதன்மேல் விறகு மூட்டி, முட்டை, வெண்ணெய், ஓட்ஸ் மாவு, பால் எல்லாம் கலந்து கூழ் காய்ச்சுவார்கள். அதில் கொஞ்சம் தரையில் ஊற்றப்படும். பிறகு ஆளுக்கொரு ஓட்ஸ் ரொட்டி. அதன்மேல் ஒன்பது சதுரக் குமிழ்கள். நெருப்பைப் பார்த்து நின்றபடி ஒவ்வொரு குமிழையும் பிய்த்துத் தோளுக்குப் பின்னால் எறிவார்கள். கால்நடையைக் காக்கும் தெய்வத்துக்குச் சில குமிழ்கள், ஆட்டுக்குட்டிகளைத் தூக்கிப்போகும் நரிக்கும் காகத்துக்கும் கழுகுக்கும் மீதிக் குமிழ்கள். காப்பவருக்கும் பங்கு உண்டு, பறிப்பவருக்கும் பங்கு உண்டு.

இன்று அதே நாளில் பிரிட்டனின் அடுக்குமாடிச் சமையலறைகளில் ஓட்ஸ் ரொட்டி சுடுபவர்கள் இருக்கிறார்கள். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 74,000 பேர் தங்கள் சமயத்தைப் ‘பேகன்’ என்று எழுதினார்கள். ‘விக்கா’ என்று எழுதியவர்கள் சுமார் 13,000. இயற்கையையும் பழைய தெய்வங்களையும் போற்றி, பெரும்பாலும் கோயிலோ குருவோ இல்லாமல் வீட்டிலேயே வழிபடுகிறவர்கள் இவர்கள். இவர்களுடைய ஆண்டில் எட்டு விழாக்கள்: டிசம்பரில் யூல், பிப்ரவரி 1-இல் இம்போல்க், மார்ச்சில் ஓஸ்டாரா, மே 1-இல் பெல்டேன், ஜூனில் லித்தா, ஆகஸ்ட் 1-இல் லம்மாஸ், செப்டம்பரில் மேபன், அக்டோபர் கடைசியில் சௌவின். விழாவுக்கு ஒரு பண்டம் சுடுவது எளிய வழக்கமாகிவிட்டது. ஓவனும் மாவும் இருந்தால் போதும்.

எட்டு விழாக்களும் ஒரே சக்கரமாகச் சேர்ந்து நூறாண்டு ஆகவில்லை. பிரிஸ்டல் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன் தம் நூல்களில் இதை விரிவாகக் காட்டியிருக்கிறார். இம்போல்க், பெல்டேன், லம்மாஸின் ஐரிஷ் வடிவமான லூனசா, சௌவின் ஆகிய நான்கும் அயர்லாந்து, ஸ்காட்லாந்து மக்களின் பருவ விழாக்கள். யூல் வட ஐரோப்பாவினுடையது. எட்டையும் ஒருசேரக் கொண்டாடிய பழங்கால மக்கள் எவரும் இருந்ததாகச் சான்று இல்லை. 1950-களில் இங்கிலாந்தில்தான் இவை ஒன்று சேர்ந்தன. சேர்த்ததில் இருவருக்குப் பங்கு உண்டு. ஒருவர், பண்டைய கெல்டிக் பூசாரிகளின் பெயரைத் தாங்கிய ட்ரூயிட் இயக்கத்தைச் சேர்ந்த ராஸ் நிக்கல்ஸ். மற்றவர், விக்கா சமயத்தை உலகுக்கு அறிமுகப்படுத்திய ஜெரால்ட் கார்ட்னர். இளம் வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து, பின்னர் மலாயாவில் சுங்க அதிகாரியாக இருந்தவர். ஓஸ்டாரா, லித்தா, மேபன் என்ற பெயர்களை இந்த வரிசைக்குள் கொண்டுவந்தவர் 1970-களில் எழுதிய அமெரிக்கரான எய்டன் கெல்லி.

சக்கரம் புதியதுதான். ஆனால் அந்தந்த நாளில் எதைச் சுட முடியும் என்பதை முடிவு செய்தது எந்தச் சமயமும் இல்லை. பால் எப்போது சுரக்கும், கோழி எப்போது முட்டையிடும், கோதுமை எப்போது முற்றும் என்பதையெல்லாம் வட ஐரோப்பாவில் பகலின் நீளம் தீர்மானித்தது. விழாப் பண்டங்கள் ஒவ்வொன்றையும் கொஞ்சம் பிட்டுப் பார்த்தால் அது தெரியும்.

பூமியின் அச்சு சுமார் 23.4 பாகை சாய்ந்திருப்பதால்தான் பருவங்கள் உண்டாகின்றன. சூரியனுக்கு நாம் அருகே போவதற்கும் குளிர், வெயிலுக்கும் தொடர்பில்லை. பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி தொடக்கத்தில். லண்டன் நடுங்குவதும் அதே நாட்களில்தான். சாய்வின் விளைவு துருவத்தை நோக்கிப் போகப்போகக் கூடும். சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே வித்தியாசம். லண்டனிலோ டிசம்பர் 21-ஐ ஒட்டிப் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. ஜூன் 21-ஐ ஒட்டிப் பதினாறரை மணி நேரத்துக்கும் மேல். எடின்பரோவில் குளிர்காலப் பகல் ஏழு மணி நேரத்தோடு முடிந்துவிடுகிறது. இவ்வளவு பெரிய ஏற்ற இறக்கத்தைச் செடியும் விலங்கும் கவனிக்காமல் இருக்க முடியாது.

செம்மறி ஆடுகள் அதை இருட்டைக் கொண்டு அளக்கின்றன. இருட்டில் மூளையின் பினியல் சுரப்பி மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. கோடை முடிந்து இரவு நீள நீள, அது சுரக்கும் நேரமும் நீள்கிறது. பெண் ஆடு சினைக்குத் தயாராகிறது. சினைக்காலம் சுமார் ஐந்து மாதம். ஆகவே இலையுதிர்காலத் தொடக்கத்தில் சினையான ஆடுகள் பிப்ரவரி வாக்கில் குட்டி போடும். மடியில் பால் சுரக்கும். பழைய ஐரிஷ் நூல்கள் இம்போல்க் விழாவை இந்தப் பாலோடுதான் இணைக்கின்றன. வெளியே இன்னும் கடுங்குளிர், வயலில் ஒன்றுமில்லை, குளிர்காலச் சேமிப்பு தீர்ந்துகொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் கிடைக்கும் முதல் புது உணவு பால். புனித பிரிஜித் நாளும் அன்றே வருகிறது. அயர்லாந்து அரசு 2023 முதல் அதை ஒட்டிப் பொது விடுமுறை தருகிறது.

அன்றைக்குச் சுட ஏற்றது ஐரிஷ் சோடா ரொட்டி. 450 கிராம் மாவு, ஒரு தேக்கரண்டி ஆப்பசோடா, உப்பு, ஏறத்தாழ 400 மில்லி மோர். அவ்வளவுதான். மோரில் உள்ள லாக்டிக் அமிலம் சோடாவோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடைக் கிளப்பிவிடுகிறது. இந்த வினை ஈரம் பட்ட உடனே தொடங்கிவிடும். எனவே பிசைந்துகொண்டிருக்கக் கூடாது. கையால் கூட்டி, உருண்டையாக்கி, மேலே ஆழமாகச் சிலுவை போலக் கீறி, 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறிய ஓவனில் உடனே வைத்துவிட வேண்டும். கீறல் வழியே தேவதைகள் வெளியேறும் என்பது கிராமத்துப் பேச்சு. ரொட்டியின் தடித்த நடுப்பகுதிக்குச் சூடு எளிதாகப் போய்ச் சேர்வதும் அந்தக் கீறலால்தான். அயர்லாந்தின் ஈரமான தட்பவெப்பத்தில் விளையும் கோதுமையில் புரதம் குறைவு. ஈஸ்ட் ரொட்டிக்கு அது போதாது. சோடா ரொட்டிக்கு அதுவே பொருத்தம். ஆனால் இந்த ரொட்டிக்குத் தொன்மை கற்பிக்கத் தேவையில்லை. ஆப்பசோடா அயர்லாந்துச் சமையலறைகளில் பரவியது 19-ஆம் நூற்றாண்டில்தான்.

கோழி ஆட்டுக்கு நேர் எதிர். நீண்ட பகல்தான் அதற்குக் குறி. வெளிச்சம் மண்டையோட்டைக் கடந்து மூளையின் ஆழத்தில் உள்ள ஒளியுணர் செல்களைத் தொடுகிறது. பகல் நீளும்போது முட்டையிடத் தூண்டும் ஹார்மோன்கள் சுரக்கின்றன. விளக்கில்லாத பழைய கோழிக்கூடுகளில் டிசம்பரில் முட்டை அரிதாகிவிடும். மார்ச்சில் மீண்டும் பெருகும். அதோடு கிறிஸ்தவத் தவக்காலத்தில் முட்டை உண்ணக் கூடாது என்ற விதி இருந்தது. அந்த விதி கோழிக்குத் தெரியாது. நாற்பது நாள் முட்டை குவிந்துகிடக்க, ஈஸ்டரன்று எல்லாம் ஒன்றாக மேசைக்கு வந்தன. வசந்த விழாவில் முட்டை இடம்பிடிக்க இதற்குமேல் காரணம் தேட வேண்டியதில்லை.

ஓஸ்டாரா என்ற தெய்வத்தைப் பற்றிக் கிடைப்பது மிகக் குறைவு. 725-இல் பீட் என்ற ஆங்கிலத் துறவி, காலக்கணக்கு பற்றிய தம் நூலில், பழைய ஆங்கிலேயர்கள் இயோஸ்டர் என்ற பெண் தெய்வத்தின் பெயரால் ஒரு மாதத்தை அழைத்து, அப்போது விழா எடுத்தார்கள் என்று குறிப்பிட்டார். முட்டையைப் பற்றியோ முயலைப் பற்றியோ அங்கே பேச்சில்லை. ஜெர்மன் அறிஞர் யாக்கோப் கிரிம் 1835-இல் இதே தெய்வத்துக்கு ஜெர்மானிய வடிவம் ஒன்றை ஊகித்து ‘ஓஸ்டாரா’ என்று பெயரிட்டார். அந்தப் பெயரே இன்றைய விழாவுக்கு நிலைத்தது.

வசந்தத்துக்கு வீட்டில் சுடுவது பெரும்பாலும் பின்னல் ரொட்டியும் மசாலா பன்னும். மாவில் முட்டை, வெண்ணெய், சர்க்கரை சேரும்போது ஈஸ்டின் வேலை கடினமாகிறது. சர்க்கரை அதன் செல்லிலிருந்து நீரை இழுக்கிறது; இலவங்கப்பட்டையில் உள்ள சின்னமால்டிஹைடு நுண்ணுயிர்களை அடக்கும் தன்மையுடையது. அதனால்தான் மசாலா பன் உப்புவதற்குச் சாதாரண ரொட்டியைவிட அதிக நேரம் பிடிக்கிறது. அவசரப்பட்டு ஓவனில் வைத்தவர் கல்லைத்தான் வெளியே எடுப்பார். மேலே தடவும் அடித்த முட்டை பழுப்பேறக் காரணம் மயார் வினை: சுமார் 140 டிகிரிக்கு மேல் புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரையும் சேர்ந்து பழுப்பு நிறத்தையும் மணத்தையும் உண்டாக்குகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி-கமீல் மயார் இதை 1912-இல் வெளியிட்டார்.

பெல்டேன் ஓட்ஸ் ரொட்டி ஏன் தட்டையாகவே இருக்கிறது? கோதுமையில் குளூட்டெனின், கிளையடின் என்ற இரு புரதங்கள் நீரோடு சேர்ந்து குளூட்டன் வலையைப் பின்னுகின்றன. வாயு அந்த வலையில் சிக்கி மாவை உயர்த்துகிறது. ஓட்ஸின் புரதங்களால் அப்படிப் பின்ன முடியாது. எவ்வளவு ஈஸ்ட் போட்டாலும் வாயு தப்பிப் போய்விடும். ஆனால் குளிரும் மழையுமான ஸ்காட்லாந்து மலைநிலத்தில் நம்பி விதைக்கக்கூடிய தானியங்கள் ஓட்ஸும் பார்லியும்தான். எனவே கொஞ்சம் கொழுப்பு, உப்பு, வெந்நீர் சேர்த்துப் பிசைந்து, ஆறுவதற்குள் தட்டி, கனத்த இரும்புக் கல்லில் சுடுவார்கள். வீட்டில் தோசைக்கல்லே போதும். மே முதல் நாளில் மாடுகளை இரண்டு நெருப்புகளுக்கு நடுவே ஓட்டிக் கோடை மேய்ச்சலுக்கு அனுப்பிய காலத்தில், பால் பெருகத் தொடங்கியதும் இதே பருவம். பென்னன்ட் சொல்லும் கூழில் பாலும் வெண்ணெயும் முட்டையும் தாராளமாக இருந்ததற்கு விளக்கம் அந்தப் புல்வெளியில் இருக்கிறது.

லித்தாவில் யாரும் அதிகம் அடுப்பு மூட்டுவதில்லை. கோடை உச்சத்தில் லாட்வியாவில் சீரக வகை விதை சேர்த்த பாலாடைக்கட்டியும் பீரும்தான் விழா உணவு.

ஓவனுக்கு உண்மையான விழா ஆகஸ்ட் 1. வட ஐரோப்பாவில் கோதுமையைப் பெரும்பாலும் இலையுதிர்காலத்தில் விதைக்கிறார்கள். முளை விட்ட பயிர் வாரக்கணக்கில் குளிரில் கிடக்க வேண்டும். அந்தக் குளிரைக் கடந்தால்தான் அதற்குப் பூக்கும் தகுதி வரும். பிறகு நாள் நீள்வதைப் பார்த்துக் கதிர் விடுகிறது. ஜூனில் பூத்து, ஆகஸ்டில் அறுவடை. பழைய தானியம் தீர்ந்து புதியது வராத ஜூலைதான் ஏழைக்குப் பஞ்ச மாதம். லம்மாஸ் அன்று புதுக் கோதுமை ரொட்டியைத் தேவாலயத்துக்குக் கொண்டுபோய் ஆசி பெறும் வழக்கம் ஆங்கிலோ-சாக்சன் காலத்தில் இருந்தது. ஆசி பெற்ற ரொட்டியை நான்காகப் பிட்டுக் களஞ்சியத்தின் நான்கு மூலையிலும் உதிர்த்தால் தானியத்துக்குக் கேடு வராது என்று அக்கால மந்திரக் குறிப்பு ஒன்று சொல்கிறது.

புதுக் கோதுமை நல்ல ரொட்டிக்கு உடனே உதவும் என்று சொல்ல முடியாது. அரைத்த மாவு சில வாரம் காற்றுப்பட்டுக் கிடந்தால்தான் ஆக்சிஜன் குளூட்டனை உறுதியாக்கும். அறுவடை நேரத்தில் மழை பெய்தால் இன்னொரு சிக்கல்: மணி கதிரிலேயே முளைவிட, ஆல்ஃபா அமைலேஸ் நொதி பெருகி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துவிடும். அந்த மாவில் சுட்ட ரொட்டி உள்ளே பிசுபிசுக்கும். மாவைச் சூடான கூழாக்கி, அதில் ஒரு தண்டு எத்தனை நொடியில் அமிழ்கிறது என்று ஆலைக்காரர்கள் இன்றும் அளக்கிறார்கள். ஸ்வீடன் வேதியியலாளர் ஹாக்பெரியின் பெயர் தாங்கிய இந்த எண் 250-க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது பிரிட்டனில் ரொட்டிக் கோதுமைக்கான வழக்கமான எதிர்பார்ப்பு.

வீட்டில் லம்மாஸுக்குக் கோதுமைக் கட்டு வடிவ ரொட்டி செய்வோர் பலர். தண்டு, கதிர், கட்டிய கயிறு, கதிரில் ஏறும் ஒரு சுண்டெலி என எல்லாம் மாவிலேயே. தேவாலய அறுவடை விழாக்களில் வைக்கப்படும் ரொட்டி இது. அந்த விழாவின் இன்றைய வடிவத்தை 1843-இல் கார்ன்வாலில் ராபர்ட் ஹாக்கர் என்ற பாதிரியார் தொடங்கிவைத்தார். இதற்கான சூட்சுமம் ஈஸ்டைக் குறைத்து, மாவை இறுக்கமாகப் பிசைவது. நன்றாக உப்பும் மாவாக இருந்தால் கதிர்கள் ஒன்றோடொன்று ஒட்டி வடிவம் குலைந்துவிடும்.

செப்டம்பரின் மேபனுக்கு ஆப்பிள். அடுத்து சௌவின். மேய்ச்சலிலிருந்து மந்தை திரும்பும் காலம். குளிர்காலம் முழுக்கத் தீனி போட முடியாத விலங்குகளை வெட்டும் காலம். பழைய ஆங்கிலேயர்கள் நவம்பரைப் பலி மாதம் என்றே அழைத்ததாக பீட் எழுதுகிறார். செத்தவர்களின் நினைவும் இந்த நாட்களோடு சேர்ந்துகொண்டது. இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர், செஷயர் பகுதிகளில் வீடு வீடாகப் பாடி வருவோருக்கு ‘ஆன்மா கேக்’ கொடுத்தார்கள். வட்டமான, மசாலா மணக்கும் சிறு பிஸ்கட் அது. அயர்லாந்தில் பார்ம்பிராக் என்ற பழ ரொட்டிக்குள் மோதிரத்தை ஒளித்துவைப்பார்கள். யார் துண்டில் அகப்படுகிறதோ அவருக்கு விரைவில் கல்யாணம். கடையில் வாங்கும் பார்ம்பிராக்கிலும் மோதிரம் இருக்கும். எளிய வடிவத்துக்கு ஈஸ்ட் வேண்டாம்: உலர்திராட்சையை இரவு முழுக்க ஆறிய தேநீரில் ஊறவைத்து, மறுநாள் மாவோடு கலந்து சுட்டால் போதும். ஊறிய பழம் ரொட்டியின் ஈரத்தை உறிஞ்சாததால் பல நாள் காயாமல் இருக்கும்.

யூல் வரும்போது தோட்டத்திலும் கூட்டிலும் ஒன்றுமில்லை. ஸ்காட்லாந்தின் ஷார்ட்பிரெட் அந்த நிலைமைக்கு அச்சாகப் பொருந்துகிறது. சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு பங்கு, மாவு மூன்று பங்கு. முட்டை வேண்டாம், பால் வேண்டாம், ஈஸ்ட் வேண்டாம். வெண்ணெயின் கொழுப்பு மாவுத்துகளைச் சூழ்ந்து நீரைத் தடுப்பதால் குளூட்டன் உருவாக வழியில்லை. வாயில் இட்டதும் பொடிந்துபோகிறது. 150 டிகிரியைச் சற்றே தாண்டிய மிதமான சூட்டில் நிதானமாகச் சுட்டால் வெளிர் நிறம் கெடாது.

ஸ்வீடனில் டிசம்பர் 13, புனித லூசியா நாளில், குங்குமப்பூ பன் சுடுகிறார்கள். இரு முனையும் சுருண்ட மஞ்சள் பன். சுருளுக்குள் ஓர் உலர்திராட்சை. குங்குமப்பூவின் நிறத்தைத் தரும் குரோசின் நீரில் கரையும், கொழுப்பில் கரையாது. ஆகவே அதை வெதுவெதுப்பான பாலில் ஊறவைக்க வேண்டும், வெண்ணெயில் போட்டால் வீண். தேதிக்கும் ஒரு கணக்கு உண்டு. பழைய ஜூலியன் நாட்காட்டியின் ஆண்டு, சூரியனின் ஆண்டைவிடச் சுமார் 11 நிமிடம் நீளம். சுமார் 128 ஆண்டுக்கு ஒரு நாள் பிசகிப் பிசகி, 14-ஆம் நூற்றாண்டில் ஆண்டின் மிக நீண்ட இரவு டிசம்பர் 13 வாக்கில் வந்து நின்றது. பிற்பாடு நாட்காட்டி திருத்தப்பட்டு இரவு தன் இடத்துக்குத் திரும்பியது. விழா பழைய தேதியிலேயே நின்றுவிட்டது.

இப்போது முட்டைப் பண்ணைகளில் நாளுக்கு 16 மணி நேரம் வரை விளக்கெரிகிறது. கோழிக்கு எப்போதும் ஏறக்குறைய ஜூன் மாதம்தான். பாலும் மாவும் ஆண்டு முழுக்கக் கடையில் கிடைக்கின்றன. பண்டத்தைப் பார்த்துப் பருவத்தை அறிந்த காலம் போய், நாட்காட்டியைப் பார்த்துப் பண்டத்தைச் சுட வேண்டிய நிலை. பேகன் வீடுகளில் விழாப் பலகாரத்துக்கு இருக்கும் மவுசுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்தச் சக்கரம் எவ்வளவு தூரம் ஒரு குறிப்பிட்ட நிலத்துக்குக் கட்டுப்பட்டது என்பதை ஆஸ்திரேலியாவில் பார்க்கலாம். அங்குள்ள பேகன்கள் பலர் எட்டு விழாக்களையும் ஆறு மாதம் தள்ளிவைத்துக்கொள்கிறார்கள்: ஜூனில் யூல், பிப்ரவரி தொடக்கத்தில் லம்மாஸ். பகல், இரவுக் கணக்கு இதனால் சரியாகிவிடுகிறது. கோதுமைக் கணக்கு சரியாவதில்லை. ஆஸ்திரேலியக் குளிர்காலம் மிதமானது, கோடை வறட்சி கொடியது. ஏப்ரல் முதல் ஜூன் வரை விதைத்து, வெயில் முற்றுவதற்குள் கதிரை எடுத்துவிடுகிறார்கள். வடக்கே அக்டோபரில் தொடங்கும் அறுவடை தெற்கே ஜனவரிக்குள் முடிந்துவிடும். பிப்ரவரி லம்மாஸின்போது கோதுமை ஏற்கெனவே கிடங்கில் இருக்கிறது. முதல் கதிரின் ரொட்டியை அந்த நாட்டில் சுட வேண்டுமென்றால் நவம்பரிலோ டிசம்பரிலோ சுட வேண்டும். இங்கிலாந்தில் யாரும் அதிகம் அடுப்பு மூட்டாத லித்தா, அங்கே டிசம்பர் 21-ஐ ஒட்டி வருகிறது.